இருபத்தெட்டு நாள் கோடை

முழு ஆண்டுத் தேர்வுக்கு இரண்டு வாரம் இருந்தது. எட்டாம் வகுப்புக் கணக்கு நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். ஒரு நோட்டின் கடைசிப் பக்கத்தில், வரிசைக்கு ஏழாக நாலு வரிசைக் கட்டங்கள். அவற்றில் 14, 18, 22, 26 ஆகிய எண்களுக்கு மட்டும் நீல மை தீட்டியிருந்தது. கீழே, "80 போட்டால் 600" என்று ஒரு வரி. பணம் கட்டி ஆடும் சூதாட்டம் ஏதாவது வகுப்புக்குள் வந்துவிட்டதோ என்று பயந்தேன். நோட்டுக்குரிய மாணவனைத் தனியே அழைத்துக் கேட்டேன்.

"புளூபெர்ரி டீச்சர். ஒண்ணாந்தேதி நட்டா எந்தெந்தத் தேதியில பறிக்கலாம்னு போட்டுப் பார்த்தேன்."

வளைகுடாவில் வேலை பார்க்கும் அவனுடைய மாமா, தன் பழைய கைப்பேசியில் ஸ்டார்டியூ வேலி என்ற விளையாட்டை வாங்கிப் போட்டு அனுப்பியிருக்கிறார். லால்பேட்டைப் பக்கம் வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில் இருப்பது புதிதல்ல. அவர்கள் அனுப்பும் பொருள்களில் இப்போது இதுவும் சேர்ந்திருக்கிறது. கண்டித்து அனுப்பியிருப்பேன். ஆனால் அந்தக் கட்டங்களில் தப்பு ஒன்றுகூட இல்லை. அதே மாணவன் அதற்கு முந்தின வாரத் தேர்வில் இலாப சதவீதக் கணக்கை எழுதாமல் விட்டிருந்தான்.

அன்று மாலை அவனையே உட்காரவைத்துப் பாடம் கேட்டுக்கொண்டேன். எரிக் பரோன் என்ற அமெரிக்கர் நாலரை ஆண்டு தனி ஆளாக உழைத்து 2016 பிப்ரவரியில் வெளியிட்ட விளையாட்டு இது. பாழாய்க் கிடக்கும் ஒரு பண்ணையைத் திருத்தி விவசாயம் செய்ய வேண்டும். ஆண்டுக்கு நாலு பருவம், பருவத்துக்கு 28 நாள். பருவம் மாறும் அன்று காலையில், அந்தப் புதிய பருவத்துக்கு ஒவ்வாத பயிரெல்லாம் பட்டுப்போகும். அதனால் கோடையை வீணாக்காமல் பயன்படுத்துவது எப்படி என்பதே ஆடுகிறவர்களின் பெரிய கவலை. முள்ளங்கி விதை 40 காசு, 6 நாளில் விளைந்து 90-க்குப் போகும். முலாம்பழ விதை 80, 12 நாள், விலை 250. புளூபெர்ரி விதையும் 80-தான். 13 நாளில் காய்க்கும், பிறகு 4 நாளுக்கு ஒரு முறை மும்மூன்று பழம், பழம் ஒன்று 50. மக்காச்சோளம் 150, 14 நாளில் தொடங்கி 4 நாளுக்கு ஒரு கதிர், விலை 50. அது மட்டும் கோடை முடிந்தும் சாகாமல் அடுத்த பருவத்துக்குத் தாண்டும். தொடக்கத்தில் ஒரு நாளைக்கு நமக்குள்ள சக்தி 270. ஒரு கட்டத்துக்குத் தண்ணீர் ஊற்ற 2 செலவாகும். மழை பெய்தால் அன்று தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

எட்டாம் வகுப்பு 'வாழ்வியல் கணிதம்' பாடத்துக்கு வேண்டிய சரக்கு முழுக்க இதில் இருக்கிறது. மறுநாள் திருப்புதல் வகுப்பை இதற்கே கொடுத்தேன். கைப்பேசியை வகுப்புக்குள் கொண்டுவரவில்லை. கொண்டுவரவும் கூடாது. கரும்பலகையில் விலைப்பட்டியல், ஆளுக்கொரு 28 கட்டத் தாள், காசுக்குப் புளியங்கொட்டை. அவ்வளவுதான். பழத்தின் தரத்தைப் பொறுத்து விலை கூடுவது போன்ற நுணுக்கங்களை விட்டுவிட்டு அடிப்படை விலையை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

முதல் கேள்வி: புளூபெர்ரியை எந்தத் தேதிக்குள் நட்டால் எத்தனை பறிப்பு? பாதிப் பேர் 28-ஐ 13-ஆல் வகுக்கத் தொடங்கினார்கள். கட்டத்தில் விரல் வைத்து எண்ணச் சொன்னேன். சிறிது நேரத்தில் ஒரு மாணவி, "டீச்சர், பின்னாலேர்ந்து வந்தா சுலபமா இருக்கு" என்றாள். 28-இல் கடைசிப் பறிப்பு வேண்டுமென்றால் 15-ஆம் தேதிக்குள் நட வேண்டும். இரண்டு பறிப்புக்கு 11, மூன்றுக்கு 7, நான்குக்கு 3. பலகையில் 3, 7, 11, 15 என்று எழுதியதும் எண் தொடர் என்று அவர்களே சொன்னார்கள். 16-ஆம் தேதி நட்டவன் 80 காசை மண்ணில் புதைத்தவன்.

இரண்டாம் கேள்வியில்தான் வகுப்பு சூடு பிடித்தது. ஒவ்வொரு குழுவுக்கும் கையில் 1,000 காசு. செடிக்குச் செடி கணக்குப் பார்த்தால் புளூபெர்ரிக்கு ஈடில்லை. 80 போட்டு 600. முலாம்பழம் இரண்டு போகம் எடுத்தாலும் 160 போட்டு 500-தான். எனவே மூன்று குழுக்கள் முதல் நாளே 12 புளூபெர்ரி நட்டன. முடிவில் 7,200 காசு, மிச்சம் 40. நாலாவது குழு 25 முள்ளங்கி நட்டது. மற்றவர்கள் சிரித்தார்கள். ஏழாம் நாள் முள்ளங்கி 2,250-க்குப் போனது. அந்தப் பணத்தில் 28 புளூபெர்ரி. 20, 24, 28 தேதிகளில் பறிப்பு. மொத்தம் 12,600. சிரித்தவர்கள் திரும்பத் திரும்பக் கூட்டிப் பார்த்தார்கள். முதல் குழுக்களில் ஒன்று, 14-ஆம் நாள் வந்த 1,800-ஐ எடுத்து 22 முலாம்பழம் நட்டிருக்கலாமே என்று பிறகு கண்டுபிடித்தது. அப்படிச் செய்தாலும் 10,980-தான் வருகிறது. ஈட்டியதை மறுபடி முதலாக்குவது என்ன செய்யும் என்பதற்கு, கூட்டுவட்டி வாய்பாட்டை வைத்து நான் பதினைந்து ஆண்டாகச் சொல்லிவருவதைவிட இந்த ஒரு கணக்கு தெளிவாகச் சொல்லிவிட்டது.

இங்கே ஒரு முடிச்சு உண்டு. விளைச்சலை வீட்டு வாசல் பெட்டியில் போட்டால் மறுநாள் காலைதான் காசு வரும். கடைக்கே எடுத்துப்போனால் அன்றே கிடைக்கும். ஏழாம் நாள் பெட்டியில் போட்டவர் எட்டாம் நாள்தான் நட முடியும். மூன்று பறிப்பு இரண்டாகும். 28 செடிக்கு 4,200 காசு நட்டம், ஒரே நாள் தாமதத்தில். "எங்க வீட்லயும் அவசரம்னா வியாபாரிகிட்டத்தான் டீச்சர் போடுவாங்க" என்றது ஒரு குரல்.

மணி அடிக்கும் நேரத்தில் கடைசி பெஞ்சிலிருந்து இன்னொரு மாணவன் எழுந்தான். அப்பா விவசாயி. அதிகம் பேசாத பையன்.

"இருபத்தெட்டு நாள்ல இவ்ளோ எடுக்கலாம். எங்கப்பா கோடை முழுக்க நிலத்தச் சும்மா போட்டு வச்சிருக்காரு டீச்சர். கேட்டா உளுந்து போச்சுங்கறாரு. அவருக்குக் கணக்கே தெரியல."

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன் என்பதை எழுதத்தான் வேண்டும்.

வீட்டுக்குப் போகும் வழியில் பேருந்து வீராணம் கரையோரம் போகிறது. அன்று சன்னல் வழியே அறுத்த வயல்களைப் பார்த்துக்கொண்டே போனேன். நான் நடத்திய பாடத்தில் தவறு இல்லை. ஆனால் அந்தப் பாடம் ஒரு பிள்ளையின் மனத்தில் அவன் அப்பாவைச் சோம்பேறி ஆக்கியிருக்கிறது. விளையாட்டில் தண்ணீர்க் குளம் வற்றுவதில்லை, கடன் இல்லை, கூலி இல்லை, விதைக்காத கட்டம் ஆடுகிறவரின் குற்றம். அதே கண்ணோடு ஊர் வயலைப் பார்த்தால் வேறு என்ன தோன்றும்?

அந்த வாரம் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் இருந்தது. அந்த மாணவனின் தந்தை அதில் உறுப்பினர். மகன் சொன்னதை அவரிடம் நான் சொல்லவில்லை. "பிள்ளைங்களுக்குக் கோடைச் சாகுபடி பத்தி ஒரு பத்து நிமிஷம் சொல்லுங்களேன்" என்று மட்டும் கேட்டேன். தயங்கினார். "எனக்கு என்னா டீச்சர் தெரியும்" என்றார். வந்தவர் முக்கால் மணி நேரம் நின்றார்.

பலகையில் இருந்த 28 கட்டத்தைப் பார்த்து, இது என்ன என்று கேட்டார். விளக்கினோம். பருவ முடிவிலிருந்து பின்னோக்கி எண்ணுகிறோம் என்றதும், "நாங்களும் அப்படித்தான்" என்றார்.

"சம்பா அறுத்துட்டு உழுது உளுந்து போட்டா நாளும் போயிடும், ஈரமும் போயிடும். அதனால அறுப்புக்கு ஏழு நாள், பத்து நாள் முன்னாடியே, நிக்கிற நெல்லுக்குள்ளயே தெளிச்சிடுவோம். மண்ணு மெழுகுப் பதமா இருக்கணும். சேறாவும் இருக்கக் கூடாது, காஞ்சும் இருக்கக் கூடாது. நெல்ல அறுக்கும்போது உளுந்து முளைச்சு நிக்கும். அப்புறம் தண்ணியே கிடையாது. இருக்குற ஈரமும் பனியுந்தான்."

கைப்பேசி மாணவனுக்குக் கண் விரிந்தது. ஒரு பயிர் கட்டத்தில் நிற்கும்போதே அடுத்த பயிரை அதே கட்டத்தில் நட அவன் விளையாட்டில் வழியே இல்லை. இருந்தால் பத்து நாள் மிச்சமாகுமே என்று அவன் உடனே கணக்குப் போட்டான். நெல் தரிசு உளுந்து என்று வேளாண் துறையினர் சொல்வது இதைத்தான். ஏக்கருக்கு ஏறத்தாழ 12 கிலோ விதை. ஜனவரி மூன்றாம் வாரத்திலிருந்து பிப்ரவரி இரண்டாம் வாரத்துக்குள் விதைத்துவிட வேண்டும். ஆடுதுறை 3 போன்ற இரகங்கள் எழுபது நாளையொட்டி விளையும். ஜனவரி 25-இல் தெளித்தால் எழுபதாம் நாள் எந்தத் தேதி என்று கேட்டேன். ஏப்ரல் 5 என்று விடை வந்தது. பிப்ரவரி கடைசியில் தெளித்தால்? பூக்கும் நேரத்தில் மண் வெடித்திருக்கும், வெயில் பூவைக் கொட்டிவிடும் என்றார் அவர். அதுதான் எங்கள் ஊரின் பதினைந்தாம் தேதி.

"அப்ப உங்களுது ஏன் போச்சு மாமா?" என்று ஒரு மாணவி கேட்டாள்.

"தையில மழை பேஞ்சு நெல்லு சாஞ்சுடுச்சும்மா. கையறுப்புக்கு ஆள் இல்ல. மிஷின்தான். ஈர வயல்ல செயின் வண்டி இறங்குனா முளைச்ச உளுந்தெல்லாம் தடத்துக்குள்ள அமுங்கிப் போயிடும். தடம் போவாத எடத்துல வைக்கோல் மூடிக்கிச்சு. மறுபடி தெளிக்கலாம்னா தேதி தாண்டிடுச்சு."

பின்வரிசையில் அவர் மகன் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சும்மா கிடக்கும் நிலத்தைப் பற்றியும் அவரே சொன்னார். ராமநாதபுரம் பக்கத்திலிருந்து கீதாரிகள் ஆடு ஓட்டிவருவார்கள். இரவில் வயலில் கிடை போட்டால் புழுக்கையும் சிறுநீரும் மண்ணுக்கு எரு. கோடை மழை ஒன்று விழுந்தால் உழுது போடுவார். கட்டி புரண்டு, களையின் வேரும் மண்ணுக்குள் கிடக்கும் கூட்டுப்புழுவும் மேலே வரும். மிச்சத்தை வெயிலும் கொக்கும் நாரையும் பார்த்துக்கொள்ளும். அடுத்த மழை ஓடாமல் உள்ளே இறங்கும். ஈரம் கிடைத்தால் தக்கைப்பூண்டு விதைத்து நாற்பது, நாற்பத்தைந்து நாளில் மடக்கி உழுவதும் உண்டு. இதைக் கேட்டுக்கொண்டிருந்த எங்கள் தமிழாசிரியை, ஒரு பலம் புழுதி கால் பலமாகக் காயும்படி உழுது உணக்கினால் ஒரு பிடி எருவும் வேண்டாம் என்று உழவு அதிகாரத்தில் வள்ளுவர் சொல்வதை நினைவூட்டினார். எத்தனை சதவீதம் குறைவு என்று நான் கேட்டேன். எழுபத்தைந்து. கணக்கு டீச்சருக்குக் குறளிலும் சதவீதம்தானா என்று அவர் கேலி செய்தார்.

பிறகு வந்த கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. "இவ்ளோ பெரிய ஏரி பக்கத்துலயே இருக்கே, கோடையில தண்ணி விட்டா என்ன?" பத்தாம் நூற்றாண்டில் முதலாம் பராந்தகன் காலத்தில் வெட்டிய ஏரிக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள், அதில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்ததில்லை. நானும் பார்த்ததில்லை. அடுத்த வகுப்பில் போட்டோம்.

வீராணத்தின் கொள்ளளவு 1,465 மில்லியன் கன அடி. பாசனப் பரப்பு சுமார் 45,000 ஏக்கர். ஏக்கர் என்பது 43,560 சதுர அடி. நிரம்பிய ஏரியை அப்படியே எல்லா வயல் மேலும் சமமாகப் பரப்பினால் எத்தனை அடி நிற்கும்? பெருக்கி வகுத்தபோது 0.75 அடிக்குச் சற்றுக் குறைவாக வந்தது. ஏறக்குறைய 9 அங்குலம். ஒரு போக நெல்லுக்கு 1,200 மில்லிமீட்டர் அளவில் தண்ணீர் வேண்டும், அதாவது நாலு அடி. வழியில் கசிவதையும் ஆவியாவதையும் விட்டுவிட்டாலும், மழை கைகொடுக்காவிட்டால் ஏரி ஒரு போகத்துக்குள் ஐந்து முறைக்கு மேல் நிரம்ப வேண்டும். நிரப்புவது யார்? கொள்ளிடத்தின் கீழணையிலிருந்து வடவாறு வழியாக வரும் காவிரித் தண்ணீர். கோடையில் ஆற்றிலேயே தண்ணீர் இல்லை. போதாததற்கு 2004 முதல் சென்னைக்கும் இங்கிருந்துதான் குடிநீர் போகிறது.

மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12. ஆனால் 2022-இல் மே 24-ஆம் தேதியே திறந்தார்கள். 2024-இல் ஜூலை 28 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இரண்டு தேதிக்கும் இடையே எத்தனை நாள் என்று எண்ணச் சொன்னேன். 65. விளையாட்டில் இரண்டு கோடை முடிந்து மூன்றாவது தொடங்கியிருக்கும். பருவத்தின் கடைசி நாள் தெரிந்தால் பின்னோக்கி எண்ணலாம், முதல் நாளே நகர்ந்துகொண்டிருந்தால் எங்கிருந்து எண்ணுவது என்று ஒரு மாணவன் கேட்டான். அதைப் பலகையில் எழுதிவைத்தேன்.

கொடிக்கால் வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளை ஒருத்தி, தங்கள் வெற்றிலைக்குக் கோடையில்தான் வேலை அதிகம் என்று சொன்னதையும் சேர்க்க வேண்டும். அகத்தி நிழல் இருந்தாலும் தண்ணீர் காட்டாமல் விட முடியாதாம், மோட்டார் ஓடிக்கொண்டே இருக்குமாம். ஒரே ஊரில் இரண்டு கோடை. போர் உள்ள நிலத்துக்கும் இல்லாத நிலத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் பிள்ளைகளே பிரித்துப் பேசினார்கள்.

கடைசி வகுப்பில் அதே 28 கட்ட விளையாட்டை விதி மாற்றி ஆடினோம். மூன்று மாற்றங்கள் போதும். தண்ணீர் எந்த நாள் வரும் என்பதைச் சீட்டுக் குலுக்கி எடுக்க வேண்டும். தொடக்கத்தில் உள்ள 1,000 காசு கடன், முடிவில் 1,100 திருப்ப வேண்டும். அறுவடை நாளில் பகடை உருட்டி 1 அல்லது 2 விழுந்தால் பாதி விளைச்சல் போச்சு. முதல் நாள் 12,600 எடுத்த குழு இம்முறை 10-ஆம் நாள்தான் தண்ணீர் பெற்றது. முள்ளங்கி 16-ஆம் நாள் விளைந்தது. அதற்குப் பிறகு புளூபெர்ரிக்கு நாளில்லை. மறுபடி முள்ளங்கியா, 12 நாளில் அறுக்கும் முலாம்பழமா, கையில் உள்ளதைக் கடனுக்கு வைத்துக்கொண்டு நிலத்தை விட்டுவிடுவதா என்று பெரிய சண்டை. 16-ஆம் நாள் நட்ட முலாம்பழம் 28-இல் சரியாக விளையும், ஆனால் பகடை ஒரே முறை, விழுந்தால் பாதி. முள்ளங்கியென்றால் 22, 28 என்று இரண்டு முறை பகடை. எட்டாம் வகுப்பில் நிகழ்தகவு என்ற சொல்லை நான் சொல்லவில்லை. அவர்கள் அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு குழு கடைசிவரை எதையும் நடாமல் 1,000 காசையும் பத்திரமாக வைத்திருந்து, வட்டி 100-ஐ எப்படிக் கட்டுவது என்று விழித்தது.

இதைச் செய்துபார்க்க நினைக்கும் ஆசிரியர்களுக்குச் சில செய்திகள். மொத்தம் நாலு பாடவேளை ஆகும். இரண்டில் முடிக்க நினைத்தால் இரண்டாம் பகுதி போய்விடும், அதை விட்டால் பாடத்தையே விட்டதாகும். முதல் நாள் தோற்ற குழுவை ஏன் தோற்றீர்கள் என்று கேட்காதீர்கள், எந்த நாளில் வழி மாறியது என்று கேளுங்கள். தொடக்க வகுப்புகளில் முள்ளங்கி ஒன்று போதும். ஆறு ஆறாகத் தாவி 1, 7, 13, 19, 25 என்று கட்டத்தில் கொட்டை வைத்தால் கூட்டலும் வரும், நாட்காட்டியும் வரும். விளையாட்டில் நெல் எட்டே நாளில் விளையும், நீர்நிலைக்கு அருகே நட்டால் ஆறு நாள். இதைச் சொன்னால் எந்த வகுப்பும் சிரிக்கும். நம் குறுவை நெல்லுக்கு 105 முதல் 110 நாள் என்பதை அதன் பக்கத்தில் எழுதி, ஒரு விளையாட்டு நாள் எத்தனை உண்மை நாள் என்று வகுக்கச் சொல்லலாம். டெல்டா அல்லாத ஊர்களில் உளுந்துக்குப் பதில் அங்குள்ள பயிரை வையுங்கள், கேட்கவேண்டிய ஆள் ஊரிலேயே இருப்பார். அவரை அழைக்கும் முன் தலைமையாசிரியரின் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். விளையாட்டைப் பதிவிறக்கச் சொல்லிப் பிள்ளைகளை ஒருபோதும் அனுப்ப வேண்டாம். என் வகுப்பில் அது ஒரே ஒரு கைப்பேசியில்தான் இருந்தது, மற்றவர்களுக்குக் குறையொன்றும் தெரியவில்லை.

ஜூனில் பள்ளி திறந்தது. ஒன்பதாம் வகுப்புக்குப் போயிருந்த அந்த விவசாயியின் மகன் ஒரு நாள் இடைவேளையில் நோட்டோடு வந்தான். ஜனவரி 15 முதல் பிப்ரவரி 15 வரை கட்டம் போட்டிருந்தான். நெல் அறுப்பு, உளுந்து தெளிப்பு, இரண்டுக்கும் தேதி குறித்திருந்தது. நடுவில் நாலு கட்டம் காலியாக இருந்தது.

"வயல் காயணும்னா மிஷின இன்னும் நாலு நாள் தள்ளி விடணும் டீச்சர். நாலு நாள் தள்ளுனா உளுந்துக்கு ஈரம் குறையும், நெல்லும் கொட்டும். அப்பாவும் நானும் போட்டுப் பார்த்தோம், எங்களுக்குச் சரியா வரல. எந்த நாள் இறக்கலாம்?"

எனக்கும் தெரியவில்லை. மண் எத்தனை நாளில் காய்கிறது என்று முதலில் அளந்து பார்ப்போம் என்று சொல்லியிருக்கிறேன். தையில் அவர்கள் வயலிலிருந்து தினமும் ஒரு பிடி மண் எடுத்துவந்து நிறுப்பதாக அவன் ஒத்துக்கொண்டிருக்கிறான். அறிவியல் ஆய்வகத் தராசுக்கு இப்போதே சொல்லிவைத்துவிட்டேன்.